காசு உங்களுடையது, சட்டத்தரணி வங்கியுடையவர்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணி தாண்டி மனைவியின் தம்பி தொலைபேசி எடுத்தான். புறக்கோட்டையில் துணிக்கடை, வெள்ளவத்தையில் ஆறரைப் பேர்ச்சில் வீடு. அந்த வீட்டை ஈடு வைத்துக் கடைக்குச் சரக்குப் போட ஒரு கோடி ரூபா வங்கிக் கடன் எடுக்கிறான், மறுநாள் காலையில் கையெழுத்து. பத்திரத்தை ஒருக்கால் பார்த்துத் தரச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று. பத்திரத்தை யார் பார்த்தது என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் தேவையில்லை அத்தான், லோயர் எங்கட வர்த்தகர் சங்கத் தலைவர்தான், எங்கட ஆள்" என்றான்.

இந்த "எங்கட ஆள்" தான் சிக்கல். நான் சட்டத்தரணி இல்லை. புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் (காணிப் பத்திரங்களை, அதாவது உறுதிகளை, எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர்) அலுவலகத்தில் ஒன்பது வருடம் கிளாக்கராக இருந்தவன், காணிப் பதிவகத்துக்கும் வங்கிக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தே இரண்டு சோடிச் செருப்பு வருடத்துக்குத் தேய்ந்திருக்கும். அங்கே பார்த்ததை வைத்து, வீடு, காணியின் மேல் கடன் எடுக்கும்போது சட்டத்தரணி என்ன செய்கிறார், யாருக்காகச் செய்கிறார் என்பதை முதல்முறை கேட்பவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஈடு என்றால் வீட்டை வங்கிக்குக் கொடுப்பதில்லை. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், நீங்களே குடியிருப்பீர்கள், வாடகைக்கு விட்டால் வாடகையும் உங்களுக்குத்தான். வங்கிக்குக் கிடைப்பது ஓர் உரிமை மட்டும்: நான் காசு கட்டாவிட்டால் இதை விற்று உன் பணத்தை எடுத்துக்கொள் என்ற உரிமை. இதை வாய்ப்பேச்சில் கொடுக்க முடியாது, கடைக்குள் இருந்து முத்திரை ஒட்டி எழுதிய துண்டிலும் கொடுக்க முடியாது. காணி சம்பந்தமான விற்பனை, ஈடு எல்லாம் எழுத்தில், ஒரு நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

கடன் கொடுக்கும் முன் வங்கி இரண்டு பேரை அனுப்பும். ஒருவர் மதிப்பீட்டாளர். வந்து அளந்து படம் எடுத்து இரண்டு விலை எழுதுவார், ஒன்று சந்தை விலை, மற்றது அவசரமாக ஏலம் போட்டால் என்ன கிடைக்கும் என்ற விலை. வங்கி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கும். "என்ர வீடு நாலு கோடி போகும், இவங்கள் ஏன் இவ்வளவுதான் தாறாங்கள்" என்ற கோபத்துக்குப் பதில் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

மற்றவர் சட்டத்தரணி. இந்தக் காணி உண்மையில் இவருடையதுதானா என்று பார்ப்பது அவர் வேலை. கொழும்பில் இதுதான் மிகச் சிரமமான பகுதி. நடைமுறையில் முப்பது வருடம் பின்னோக்கிப் போவார்கள், சந்தேகம் வந்தால் அதற்கும் அப்பால். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் தடித்த பதிவேடு ஒன்றில் ஒரு பக்கம் உண்டு. மேலே காணியின் விவரம், நான்கு எல்லைகள், ஏக்கர், றூட், பேர்ச் என்று பரப்பு (ஒரு றூட்டுக்கு 40 பேர்ச், ஏக்கருக்கு 160). கீழே கொடுத்தவர் யார், பெற்றவர் யார், என்ன உறுதி, எந்த நொத்தாரிசு, எந்தத் திகதி என்று நிரல் நிரலாகப் போகும். பக்கம் நிரம்பினால் வேறொரு புத்தகத்தின் எண்ணைக் குறித்துவிட்டு அங்கே தாவும். அந்தத் தாவலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எனக்கு அந்தக் காலத்தில் வேலை. ஒரு முறை கொட்டாஞ்சேனைக் காணி ஒன்றுக்கு ஐந்து புத்தகம் தாவி ஆறாவதைத் திறந்தால், வேண்டிய பக்கத்தின் கீழ்ப்பாதி இல்லை. கிழிந்த விளிம்பில் பசைத்தாள் மட்டும் ஒட்டியிருந்தது. அந்தக் கடன் நான்கு மாதம் இழுபட்டது.

எங்கள் ஆட்களின் உறுதிகளில் அடிக்கடி வருவது வேறு மாதிரி ஓட்டை. அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள், டெஸ்டமென்டரி வழக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்ற நீதிமன்றத்தில் போடுவது) போடவில்லை, ஐந்து பிள்ளைகள், இரண்டு பேர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், இங்கே இருக்கிறவர் "எல்லாரும் எனக்கே எண்டு சொல்லிட்டினம்" என்பார். சொன்னது வாயால். வங்கிச் சட்டத்தரணிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு உள்ள ஆள், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பினால்கூட, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பார்கள். கேட்கும்போது கோபம் வரும்தான், ஆனால் கொடுத்தவர் கண்ணை மூடிய அன்றே அந்த அதிகாரமும் போய்விடும், அதனால் கேட்கத்தான் வேண்டும்.

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடும் என்று கொழும்பில் பலர் நினைக்கிறார்கள். அது ஆளைத் தொடர்ந்து வருகிற சட்டம். தேசவழமைக்கு உட்பட்ட பெண், திருமணமானவர், தன் பெயரில் இருக்கும் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. பம்பலப்பிட்டி ஃபிளாட்டுக்கு ஏன் கணவரின் கையெழுத்து என்று ஒரு அக்கா எங்கள் அலுவலகத்தில் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், சட்டத்தில் அப்படி இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்தது பதிவு. உறுதி முடிந்தது, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னால் எழுதிய உறுதியைவிட முன்னால் பதிந்த உறுதி பலமானது. திங்கட்கிழமை நீங்கள் ஒரு காணியை வாங்குகிறீர்கள், பதியவில்லை. விற்றவர் அதே காணியைப் புதன்கிழமை வங்கிக்கு ஈடு வைக்கிறார், வங்கிக்காரர் அன்றைக்கே போய்ப் பதிகிறார்கள். வங்கிக்கு அதில் கள்ளம் எதுவும் இல்லையென்றால் உங்கள் உறுதி அந்த ஈட்டுக்கு முன்னால் நிற்காது. வங்கிச் சட்டத்தரணிகள் கையெழுத்து வைத்த மை காயும் முன் பதிவகத்துக்கு ஓடுவது இதற்காகத்தான். பதிவகத்து நாட்பதிவேட்டில் பத்திரம் எப்போது ஏறுகிறதோ அதுதான் கணக்கு. நொத்தாரிசு தன் மாதாந்தப் பட்டியலோடு இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புவது இன்னொரு வேலை, அதையும் பதிவையும் ஒன்று என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபிளாட் என்றால் கதை இன்னும் நீளும். வெள்ளவத்தையில் ஒரு சந்துக்கு நான்கு அடுக்குமாடி நிற்கிறது, எல்லோரும் "வாங்கிட்டன்" என்கிறார்கள். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி, கட்டடத்தின் தொடர்மாடி வரைபடம் பதியப்பட்ட பிறகுதான் மூன்றாம் மாடி இடதுபக்க வீடு என்று தனியாக ஒரு சொத்துப் பிறக்கிறது. அதற்கு முன் உங்களிடம் இருப்பது கட்டுபவரோடு செய்த ஒப்பந்தம் மட்டும். இன்னொன்று, கட்டுபவரும் அநேகமாகக் கடனில்தான் கட்டியிருப்பார், முழுக் காணியும் அவருடைய வங்கியில் ஈட்டில் கிடக்கும். உங்கள் வீட்டை மட்டும் அந்த ஈட்டிலிருந்து விடுவித்து அவருடைய வங்கி கையெழுத்துப் போட்டதா என்று கேளுங்கள். கேட்டால் "அது பிறகு வரும்" என்பார்கள். பிறகு என்றால் எப்போது என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

வாங்குபவர்களுக்குச் செலவுக் கணக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் தடுமாறுகிறார்கள். கைமாற்ற உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு 7,99,000 ரூபா. வீட்டுக் கடனை எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இந்த எட்டு இலட்சத்தைக் கணக்கில் எடுக்காமல் வந்து, கையெழுத்து நாளில் மச்சானுக்கும் மாமாவுக்கும் தொலைபேசி எடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த "எங்கட ஆள்" விடயத்துக்கு வருவோம்.

வங்கி தன் பட்டியலில் உள்ள ஒரு சட்டத்தரணியை நியமிக்கிறது. அவருக்கான கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. காசு கொடுக்கிறபடியால் அவர் நமக்காக வேலை செய்கிறார் என்று மனம் சொல்லும். காணி யாருடையது என்று அவர் எழுதும் உரித்து அறிக்கை யாருக்கு முகவரியிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், வங்கிக்கு. ஈட்டுமுறியை, அதாவது ஈட்டுப் பத்திரத்தை, யார் சொல்லித் தயாரிக்கிறார், வங்கி சொல்லி. அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள். அவருடைய நேர்மை வங்கிக்குக் கடமைப்பட்டது, அதுதான் விடயம்.

அந்த முறியில் என்ன இருக்கும்? "இந்தக் கடனும், இனி எப்போதாவது வங்கி தரும் வேறெந்தக் கடனும், கடனாளி பிறருக்குக் கொடுத்த பிணையும்" என்று ஒரு வாசகம் இருக்கும். வீட்டுக் கடன் கட்டி முடிந்தாலும் கடையின் ஓவர்டிராஃப்டுக்கு அதே வீடு கட்டுண்டு கிடக்கும் என்பது அதன் பொருள். வட்டியை வங்கி மாற்றலாம் என்று இன்னொரு வாசகம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்திய பிறகு, மாறும் வட்டிக் கடன் வைத்திருந்த கடைக்காரர்களுக்கு அந்த ஒரு வரியின் அர்த்தம் மாதா மாதம் விளங்கிற்று. பிணைக்காரர் கையெழுத்துப் போடும் தாளில் இலத்தீனில் சில சொற்கள் வரும், ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தவை. முதலில் கடன் வாங்கியவனிடம் கேள், அவனிடம் இல்லாவிட்டால் என்னிடம் வா என்று சொல்கிற உரிமையைப் பிணைக்காரர் அதில் கைவிடுகிறார். அண்ணனுக்காகச் சும்மா ஒரு கையெழுத்து என்று வருகிறவருக்கு அதை யாரும் தமிழில் சொல்வதில்லை.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? தனியார் ஒருவர் ஈட்டுக்குக் கடன் கொடுத்திருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அப்புறம்தான் ஏலம். வருடக்கணக்கு. வங்கிக்கு அந்தச் சிரமம் இல்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில், பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் மூன்று மொழி நாளிதழ்களிலும் போட்டு, நீதிமன்ற வாசலை மிதிக்காமலே ஏலம் விடலாம். இதைத்தான் பராட்டே என்கிறார்கள். வட்டி சேர்க்காத அசல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இதைப் பாவிக்க முடியாது. பத்திரிகையில் மதிப்பீட்டு இலக்கத்தோடு உங்கள் வீட்டு எல்லைகள் அச்சாகி வருவதை அயலவர் முதலில் படித்துவிட்டு வந்து கேட்பார், அந்தக் காலையை இரண்டு குடும்பங்களில் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் வர்த்தகர் சங்கமும் அதன் தலைவரும் வருகிறார்கள். குண்டுவெடிப்பு, கொரோனா, பிறகு டொலர் இல்லாத 2022 என்று அடுத்தடுத்து அடி வாங்கிய சிறிய, நடுத்தர வியாபாரிகள் பராட்டேயை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். 2024இல் பாராளுமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்து அந்த ஆண்டு டிசம்பர் நடுப்பகுதிவரை நிறுத்தி வைத்தது, பிறகு அது 2025 மார்ச் முடிவுவரை நீண்டது. தனியாக ஒரு கடைக்காரர் வங்கி மனேஜரின் கதவைத் தட்டினால் தேநீர் கிடைக்கும். சங்கம் தட்டினால் தவணை கிடைக்கும். பெரிய கம்பனிகளுக்கு 1839இல் தொடங்கிய இலங்கை வர்த்தகச் சம்மேளனம் இருக்கிறது, பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவருக்குத் தன் தெருச் சங்கம்தான். அந்தச் சங்கத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் தலைவராக இருந்தால் வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொல்ல, மறுசீரமைப்புக்கு மனு எழுத, கோபத்தில் இருப்பவரை மேசைக்குக் கூட்டிவர ஓர் ஆள் கிடைத்துவிடும்.

இது கொழும்பில் புதிய பழக்கமில்லை. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வெள்ளைக்கார வங்கிகளிடம் வாங்கி உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுத்த காலத்தில் கடன் கொடுக்கிறவர், கோயில் காரியம் பார்க்கிறவர், சண்டையைத் தீர்த்துவைக்கிறவர் எல்லாம் சுற்றிச் சுற்றி அதே சில பேர்தான். உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை என்ற குறையை ஆராய 1934இல் வங்கி ஆணைக்குழு போட்டு, 1939இல் இலங்கை வங்கி திறந்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. முகம் தெரிந்த ஆள் என்பது எங்கள் சந்தையில் இன்றும் பாதிப் பிணை. நொத்தாரிசுச் சட்டமும்கூட, கையெழுத்து வைப்பவரை நொத்தாரிசுக்கோ இரண்டு சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

தலைவராக இருக்கும் சட்டத்தரணிக்குக் கஷ்டம் எங்கே என்றால், அதே ஆள் வங்கியின் பட்டியலிலும் இருக்கும்போது. என் பழைய முதலாளியும் ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்து ஆள் ஒருவர் வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வைக்க வந்தால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொல்வார்: "தம்பி, போன கிழமை கூட்டத்தில நான் உனக்குத் தலைவர். இண்டைக்கு நான் வங்கிக்கு லோயர். உன்ர லோயர் எங்க?" சில பேருக்குக் கோபம் வந்தது, இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். எனக்கு அவரிடம் பிடித்த விடயமே அதுதான்.

வங்கி வேண்டாம், தெரிந்த ஆளிடம் வாங்குகிறேன் என்று போகிறவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். கடன் கொடுக்கும் தனியாளுக்கு ஈடு பிடிக்காது, வழக்குப் போட்டு இழுபட வேண்டும் என்பதால். அதனால் "பேருக்கு விற்பனை உறுதி எழுதுவம், ஒரு வருடத்தில காசைத் தந்திட்டுத் திருப்பி எடுங்கோ" என்பார். சில வேளை உறுதியிலேயே அந்த நிபந்தனை இருக்கும், பல வேளை அதுவும் வாய்ப்பேச்சுத்தான். தாளில் நீங்கள் வீட்டை விற்றுவிட்டீர்கள், அதுவும் பெறுமதியில் கால்வாசிக்கு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவைக் காட்டி, நான் வீட்டைக் கைவிடும் எண்ணத்தில் எழுதவில்லை, கடனுக்காகத்தான் எழுதினேன் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். விலை மிகக் குறைவாக இருந்ததும் நீங்கள் தொடர்ந்து குடியிருந்ததும் வரி கட்டியதும் உங்களுக்குச் சாதகமாக எடுபடலாம். ஆனால் அதை நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில், வழக்கு முடிய உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்திருக்கும். "ஈடு எண்டால் எழுதுவம், விற்பனை எண்டால் வேண்டாம்" என்று எழும்பி வந்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் நானும் மைத்துனனோடு போனேன். தலைவர் அன்பான மனிதர், எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார். முறி ஆங்கிலத்தில். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேதான் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும், அதில் பத்திரத்தைக் கையெழுத்து வைத்தவர் தானே வாசித்தாரா, அல்லது நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்தினாரா என்று ஒரு வரி கட்டாயம் வரும். வரைவில் "அவரே வாசித்தார்" என்று இருந்தது. இவன் தமிழும் வியாபாரச் சிங்களமும் தெரிந்தவன், ஆங்கிலத்தில் விலைப்பட்டியலுக்கு மேல் வாசிக்க மாட்டான். "ஐயா, இந்த வரி சரியில்லையே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். முக்கால் மணி நேரம். ஏழாவது வாசகத்தில், அவனுடைய மனைவியின் பெயரில் உள்ள லீசிங் கடனும் இதே வீட்டின் மேல் ஏறும் என்று இருந்ததைக் கேட்டதும் மைத்துனன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டான்.

அன்று கையெழுத்து வைக்கவில்லை. அந்த வாசகத்தை வங்கி எடுத்துவிட்டு அனுப்ப நான்கு நாள் ஆனது. இடையில் தலைவரே தொலைபேசி எடுத்தார், முகம் கோணிப் பேசுவாரோ என்று நினைத்தேன், அவர் சொன்னது வேறு: பதிவேட்டை மறுபடி பார்த்தாராம், மாமனார் காலத்தில் இதே வீட்டின் மேல் எடுத்த பழைய கடன், கட்டி முடித்துப் பதினைந்து வருடம், விடுவிப்பு உறுதியை மட்டும் யாரும் பதியவில்லை, ஈடு இன்னும் அந்தப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாமியின் இரும்புப் பெட்டியைக் கிளறினால் அடியில், திருமணப் படங்களுக்குக் கீழே, அந்த விடுவிப்பு உறுதி மடிப்புக் கலையாமல் கிடந்தது.